நாலரைக்குப் போய் நாலுக்குத் திரும்பின கதை

கலைப்பீடத்தில் படிக்கிற ஒரு பெட்டைக்கு புரோசசரை ஓவர்குளொக் பண்ணி என்ன கிடைக்கப் போகுது என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டவ. கம்பஸில் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் கொஞ்சம் நக்கலும் இருந்தது. அப்போது நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்ப சொல்லுறன்.

எங்கட வீடு நயினாதீவில். என்னுடைய நாலாம் வருட ஆய்வு தீவுப்பகுதிப் பெண்களின் ஒப்பாரியையும் தாலாட்டையும் பற்றியது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஆச்சிமாரைப் பாடச் சொல்லி போனில் பதிந்துகொண்டு வருவேன். பதிவுகளில் பாட்டை விட காத்து கூட. அதோட காகம், படகு எஞ்சின், கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு ரேடியோ. இதையெல்லாம் குறைத்து குரலை மேலே கொண்டுவர ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு மணித்தியாலப் பதிவைக் கொடுத்தால் அது ஆடி அசைந்து முடிக்கிறதுக்குள் ஒரு படகு போய்த் திரும்பி வந்துவிடும்.

வீட்டில் இருந்த கொம்பியூட்டர் அண்ணாவுடையது. அவன் கனடாவுக்குப் போக முதல் செக்கன்ட்ஹாண்டில் வாங்கினது. உள்ளே இருப்பது இன்ரெல் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வெளிவந்த சில்லு, நாலு கோர், 3.3 கிகாஹேர்ட்ஸ். கடைசியில் நிற்கிற அந்த 'கே' எழுத்தில்தான் விசயமே இருக்கிறது. அது இருந்தால் மல்ரிபிளையர் பூட்டப்படவில்லை என்று அர்த்தம். அடிப்படை வேகம் 100 மெகாஹேர்ட்ஸ். அதை 33ஆல் பெருக்கினால் 3.3. பயோஸுக்குள் போய் 33ஐ 45 ஆக்கினால் 4.5. காசு செலவில்லை, கடைக்குப் போகத் தேவையில்லை. ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

யூரியூப்பில் ஒருவர் இதே சில்லை 4.5இல் ஓட்டிக் காட்டினார். 1.30 வோல்ற் என்றார். நானும் 45 போட்டேன், 1.30 போட்டேன், சேமித்தேன். விண்டோஸ் வந்தது. பாட்டு ஓடினது, பிரவுசர் ஓடினது. எனக்கு ஒரே புழுகம். அன்று பின்னேரமே ஐந்து ஆச்சிமாரின் பதிவுகளையும் போனிலிருந்து ஏற்றி, ஒரு சிப் கோப்பாகக் கட்டி வைத்தேன். போனில் இடமில்லை என்பதால் அங்கே இருந்ததை அழித்தேன்.

இந்தக் கடைசி வசனத்தை ஞாபகம் வைத்திருங்கோ.

அடுத்த நாள் தொடங்கினது. சத்தம் நீக்குகிற வேலையைக் கொடுத்துவிட்டு தேத்தண்ணி போடப் போனால், திரும்பி வரேக்குள்ள நீலத்திரை. ஒரு தரம் 0x124, இன்னொரு தரம் 0x101. இடையில் வேறொரு கூத்து: நீலத்திரையும் இல்லை, ஒன்றும் இல்லை, டக்கெண்டு கறுத்து, தானாகவே திரும்பத் தொடங்கும். நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வோல்ற்றைக் கூட்டினேன், ராம் வேகத்தைக் குறைத்தேன், டிரைவரை மாற்றினேன். மூன்றையும் ஒரே நேரத்தில். கொஞ்சம் கூட நேரம் நின்றமாதிரி இருந்தது. பிறகு திரும்ப விழுந்தது. எது உதவினது, எது கெடுத்தது என்று எனக்கே தெரியாது.

இரவு அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன்.

"எத்தினை வோல்ற் போட்டனி?"

"முதல் 1.30. இப்ப 1.38."

"சூடு?"

"அது பாக்கேல்லை."

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "தங்கச்சி, நீ வருத்தக்காரனுக்கு மூண்டு மருந்தை ஒண்டாக் குடுத்திட்டு எந்த மருந்தில சுகம் வந்தது எண்டு கேக்கிறாய். எல்லாத்தையும் பழைய நிலைக்குக் கொண்டு போ. பிறகு ஒண்டொண்டா" என்றான்.

இந்தக் கட்டுரையில் ஒரு தொழில்நுட்ப அறிவுரைதான் எடுக்கலாம் என்றால் இதை எடுங்கோ. தடுமாறுகிற மெசினை முதலில் கடை வந்த நிலைக்குத் திருப்புங்கோ. அங்கேயும் தடுமாறினால் குற்றம் ஓவர்குளொக்கில் இல்லை. அங்கே நின்றால், அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

பயோஸில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். 33, தானியங்கி வோல்ற். நீலத்திரை வரவே இல்லை. ஆனால் டக்கெண்டு கறுத்துப் போவது நிற்கவில்லை. அதாவது இரண்டு நோய். நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

விண்டோஸில் நிகழ்வுப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. மெசின் தனக்கு நடந்ததையெல்லாம் அதில் குறித்து வைக்கும். கறுத்துப் போன ஒவ்வொரு தடவைக்கும் அதில் கேர்னல்-பவர் 41 என்று ஒரு வரி இருந்தது. அதற்குள் பிழைக்குறி 0. நீலத்திரை வந்து விழுந்தால் அந்த இடத்தில் அதன் குறி நிற்கும். 0 என்றால் விண்டோஸுக்கு ஒன்றையும் எழுத அவகாசமே கிடைக்கவில்லை. மின் போயிருக்கும், அல்லது எல்லாமே அப்படியே உறைந்திருக்கும்.

"தீவுக் கரண்ட்தானே, வேற என்ன" என்றார் அப்பா. எங்கட ஊரில் எதற்கும் முதல் விடை இதுதான். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பிரதான மின் வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் ஜெனரேற்றரில் இருந்துதான் எங்களுக்குக் கரண்ட். இந்த மூன்று தீவுக்கும் சூரிய ஒளி, காற்று எல்லாம் கலந்த மின் திட்டம் ஒன்றுக்கு 2021இல் ஒரு சீன நிறுவனம் தெரிவுசெய்யப்பட்டு, இந்தியா முகம் சுளித்து, அது நின்று போய், பிறகு 2024 மார்ச்சில் இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில் வேறு ஒப்பந்தம் வந்தது. எங்கட மேசை லாம்புக்குப் பின்னால் இரண்டு வல்லரசு நிற்கிறது என்று கம்பஸில் பகிடியாகச் சொல்லுவேன். அதனால் எனக்கும் அப்பா சொன்னது சரியாகத்தான் பட்டது.

ஆனால் அண்ணா விடவில்லை. "ஊருக்கே கரண்ட் விழுந்தா லைற்றும் எல்லோ மங்க வேணும். லைற் மங்கினதோ?"

மங்கவில்லை. அடுத்த நாள் கொப்பியும் பேனையுமாக இருந்து, கறுக்கிற நேரத்தை எல்லாம் குறித்தேன். மூன்றாவது தரம்தான் காதில் விழுந்தது. கறுக்கிறதுக்கு ஒரு கணம் முதல் குசினிப் பக்கத்தில் பிறிட்ஜ் 'க்ர்ர்' என்று தொடங்கினது. பிறிட்ஜும் கொம்பியூட்டரும் ஒரே எக்ஸ்ரென்சன் வயரில் இருந்தன. வயரைக் கழற்றிப் பார்த்தால் பிளக்கின் பித்தளைப் பின் பச்சை பூத்து, ஒரு பக்கம் கருகியிருந்தது. கடல் வீட்டிலிருந்து இருநூறு அடிதான். உப்புக் காத்து கதவுக் கொண்டியையே தின்னும்போது பிளக்கை விடுமா? பிறிட்ஜின் கொம்பிரஸர் தொடங்கும் கணத்தில் நிறையக் கரண்ட் இழுக்கும். கெட்டுப்போன தொடுப்பு அதைத் தாங்காமல் அந்த வயரில் வோல்ற்றேச் சரியும். அண்ணா வாங்கின பழைய பவர் சப்ளைக்கு அந்தச் சரிவைச் சமாளிக்கிற தெம்பு இல்லை.

கொம்பியூட்டரை நேரே சுவர் பிளக்கில் போட்டேன். அந்த வயரை அப்பா எறிந்தார். அதற்குப் பிறகு கறுத்ததே இல்லை. இரண்டு நாடுகளையும் குற்றம் சொல்லி முடித்த பிறகுதான் எங்கட வீட்டுச் சுவரைப் பார்த்தோம்.

அடுத்தது ராம். மெம்ரெஸ்ற்86 என்ற இலவசக் கருவியை பென்டிரைவில் போட்டு, இரவு முழுக்க ஓட விட்டேன். நாலு சுற்று, ஒரு பிழையும் இல்லை. வட்டையும் சோதித்தேன், சுகம். ஆக, மிச்சம் இருந்தது புரோசசரும் அதன் சூடும்.

பெட்டியைத் திறந்தேன். ஹீற்சிங்கின் இடுக்கெல்லாம் தூசி. சாதாரணத் தூசி இல்லை, உப்பீரம் பிடித்து கம்பளிமாதிரி ஒட்டின தூசி. அதற்கும் சில்லுக்கும் இடையில் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்தது. அந்தப் பசை வாங்க படகேறி குறிகட்டுவான் போய், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வந்தேன். ஒரு விரல் நுனியளவு பசைக்கு ஒரு முழுப் பகல். துடைத்துப் பூசின பிறகு பழைய வேகத்திலேயே சூடு 78 பாகையிலிருந்து 66க்கு இறங்கினது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. எனக்கு ஓ.எல்லில் கணிதம் பெரிதாக வராது. ஆனாலும் இது விளங்கினது. சில்லு தின்கிற மின்வலு அதன் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்ற்றின் வர்க்கத்தோடு கூடும். என்னுடைய சில்லு பழைய நிலையில் ஏறக்குறைய 1.20 வோல்ற். நான் 4.5இல் கொடுத்தது 1.38. வேகம் 36 வீதம்தான் கூடினது. வோல்ற்றின் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் சூடு ஏறக்குறைய 80 வீதம் கூடுது. அதை, சில்லோடு பெட்டிக்குள் வந்த சின்ன ஃபானை வைத்து, மத்தியானம் 32 பாகை நிற்கிற அறையில் சமாளிக்கப் பார்த்திருக்கிறேன். இந்தச் சில்லு தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை 98 பாகை. பசை மாற்றின பிறகும் 4.5இல் 96, 97இல் நின்றது. யூரியூப் ஆளின் அறையில் ஏசி இருந்திருக்கும். அதைவிட அவருடைய சில்லு வேறு, என்னுடையது வேறு. ஒரே பெயரில் ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் ஒவ்வொரு சில்லுக்கும் தேவைப்படுகிற வோல்ற் கொஞ்சம் வித்தியாசப்படும்.

நீலத்திரை எண்கள் என்ன சொன்னவை என்றும் அப்போதுதான் படித்தேன். 0x124 என்றால் புரோசசர் போன்ற வன்பொருளே தன்னில் பிழை என்று முறையிடுகிறது. 0x101 என்றால் ஒரு கோர் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. வேகத்துக்கு ஏற்ற வோல்ற் கிடைக்காதபோது இந்த இரண்டும் வருவது வழக்கம். பயோஸில் 1.30 என்று எழுதினாலும், நாலு கோரும் பாரம் தூக்கும் நேரத்தில் உண்மையில் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு. பிறிட்ஜ் தொடங்கினதும் வயரில் நடந்த அதே சரிவு, மதர்போட்டுக்குள் சின்ன அளவில் நடக்கிறது. சும்மா இருக்கேக்க மெசின் நிற்கும், பாரம் ஏறினால் விழும். இதைச் சரிக்கட்ட பயோஸில் லோட்-லைன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்தால் வோல்ற் மறுபக்கம் எகிறும். நடுவில் வைத்தேன்.

பிறகு ஏறத் தொடங்கினேன். 36, 38, 40, 42. ஒவ்வொரு படியிலும் பிரைம்95 ஓட்டினேன். இது முதலில் மெசினைச் சோதிக்க எழுதப்பட்டதே இல்லை. 1996இல் தொடங்கின, பெரிய பகா எண்களைத் தேடுகிற ஒரு கூட்டு முயற்சியின் மென்பொருள். 2024 ஒக்டோபரில் அந்த முயற்சி கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். அப்படியான கணக்கில் நடுவில் ஒரு இலக்கம் பிழைத்தாலும் எல்லாம் வீண். அதனால் அது தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டே போகும். 42இல் நாற்பதாவது நிமிசம் ஒரு கோர் நின்றது. தசம வேறுபாடு 0.4க்குக் குறைவாக இருக்க வேண்டும், 0.5 வந்திருக்கிறது என்று ஒரு வரி. நீலத்திரை இல்லை. மெசின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெசின் விழாமலே பிழையாகக் கணக்குப் பார்க்குமென்றால், நான் 4.5இல் கட்டி வைத்த சிப் கோப்பு?

திறந்தேன். நாலு பதிவு வந்தது. மூன்றாவதில் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று வந்தது. தெரிந்த எல்லா வழியிலும் மீட்கப் பார்த்தேன். முதல் ஆறு நிமிசம் கேட்டது. பிறகு தகரத்தில் மழை பெய்கிற சத்தம். போனில் இருந்ததை நான்தான் அழித்துவிட்டேனே.

இதைச் செய்தது அந்த 4.5தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ராமும் வட்டும் சுகம். வேகத்தைக் குறைத்த பிறகு அதே மாதிரி இருபது தரம் கட்டி அவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றும் பிழைக்கவில்லை. எனக்கு இது போதும்.

நான் மட்டும் இல்லை என்று ஆறுதலுக்கு வாசித்த சிலதைச் சொல்லுறன். மைக்ரோசொப்ற்றில் வேலை செய்த ரேமண்ட் சென் 2005இல் எழுதினார்: அவர்களுக்கு வருகிற விபத்து அறிக்கைகளில் சில நடக்கவே முடியாதவை. நினைவகத்தைத் தொடாத, ஒரு இடத்தைப் பூச்சியமாக்குகிற எளிய கட்டளையில் போய் மெசின் விழுந்திருக்கும். விசாரித்தால் ஓவர்குளொக். சிலருக்குத் தங்கள் மெசின் அப்படி ஓடுது என்பதே தெரியாது, விற்ற கடை செய்து கொடுத்திருந்தது. 2011இல் மைக்ரோசொப்ற் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 10 இலட்சம் கணினிகளின் தரவைப் பார்த்து, ஓவர்குளொக் செய்தவை அதிகம் விழுகின்றன, வேகம் குறைத்து ஓடுபவை குறைவாக விழுகின்றன, ஒருக்கா விழுந்தது திரும்ப விழுகிற சாத்தியம் பல மடங்கு என்று எழுதினார்கள். 2024இல் இன்ரெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகளே, யாரும் கைவைக்காமலே, தேவைக்கு மேல் வோல்ற் கேட்டுத் தங்களைப் பழுதாக்கின. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதம் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. செய்தவனுக்கே எல்லை தவறும் விசயம் இது.

கடைசியில் 40இல் நின்றேன். 4.0 கிகாஹேர்ட்ஸ், 1.25 வோல்ற். எட்டு மணித்தியாலம் பிரைம்95 ஓடினது, சூடு 82ஐத் தாண்டவில்லை, பதிவேட்டில் வன்பொருள் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. எச்சரிக்கையையும் பார்க்க வேணும். விழாத மெசினும் உள்ளுக்குள் பிழை விட்டுத் திருத்திக்கொண்டு இருக்கலாம். அம்மா கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னா. வேகம் 21 வீதம் கூட. சத்தம் நீக்குகிற வேலையில் பதிவு ஒன்றுக்குச் சில நிமிசம் மிச்சம். 4.5இல் நின்றிருந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிசம் மிச்சமாகியிருக்கும். அவ்வளவுதான்.

மூன்றாவது பதிவு எங்கட ஒழுங்கைக் கடைசி வீட்டு ஆச்சியுடையது. எண்பது தாண்டினவ. கடலுக்குப் போய்த் திரும்பாத மனுசனுக்கு அவ பாடின ஒப்பாரி. என் ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் அதில்தான் நிற்க இருந்தது.

திரும்பப் போனேன். பொய் சொல்லவில்லை. "ஆச்சி, நீங்கள் பாடினதை நான் துலைச்சுப் போட்டன். இன்னொருக்காப் பாடுவியளோ?"

ஆச்சி பாக்கை இடித்துக்கொண்டே கேட்டா. கோபப்படேல்லை.

"பிள்ளை, அது பாட்டே? அண்டைக்கு நீ வரேக்க அவர் போன திகதி. அதால வந்தது. இண்டைக்குக் கேட்டா எங்கயால வரும்?"

பிறகு என்ன நினைத்தாவோ, இடிக்கிறதை நிற்பாட்டிவிட்டு, மெல்லிய குரலில் ஒரு தாலாட்டுப் பாடினா. நாலு நிமிசம் இருக்கும். நான் பதிந்தேன். அன்று பின்னேரம் அதை மூன்று இடத்தில் வைத்தேன். ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுப் பார்த்தேன். போனில் இருக்கிறதை இன்னும் அழிக்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தை இப்போது அந்த ஆறு நிமிசத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மிச்சம் ஏன் இல்லை என்பதையும் ஒரு பந்தியில் எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளர் அதை வெட்டச் சொன்னால் என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.